பழைய மாருதி 800 காரில் ப்ளோயர் கீச்சிடுகிறது: மோட்டாரையே மாற்ற வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. ஏசி பொருத்திய பழைய மாருதி 800. காலையில் ப்ளோயரை, அதாவது ஏசிக் காற்றை ஊதும் ஃபேனை, முதல் வேகத்தில் வைத்தால் டாஷ்போர்டின் இடப்பக்கத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. வேகத்தைக் கூட்டினால் கீச்சொலி போய், படபடவென்று ஏதோ அடிபடும் ஓசை. வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஒருசமயம் நிற்கிறது, ஒருசமயம் புதிதாகத் தொடங்குகிறது. பட்டறையில் காட்டியபோது, கழற்றிப் பார்க்காமலே, "மோட்டார் போய்விட்டது, செட்டாக மாற்றிவிடலாம்" என்றிருக்கிறார்கள். சத்தத்தை நிறுத்த வழி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா, நீங்களே கழற்றிப் பார்க்கலாமா என்பதுதான் உங்களை உறுத்துவதாகப் படுகிறது.

கார் ஏசியும் மின்பணியும்தான் என் தொழில். ஐடிஐயில் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். சத்தம் போடும் ப்ளோயர்களைக் கணக்கில்லாமல் கழற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது: மோட்டாரை வெளியே எடுத்துக் கையால் சுற்றிப் பார்க்காமல் அது போய்விட்டது என்று யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது, எழுத்தில் சத்தத்தைக் கேட்க வழியில்லை. ஆனால் நீங்கள் அடையாளங்களைக் கவனமாக எழுதியிருப்பதால் ஒன்றைத் துணிந்து சொல்லலாம். உங்கள் காரில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, பெரும்பாலும் இரண்டு. கீச்சொலிக்குக் காரணம் எண்ணெய் வற்றிய புஷ், அதாவது மோட்டாரின் சுழலும் தண்டான ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம். படபடப்புக்குக் காரணம் உள்ளே விழுந்த இலையோ சருகோ. இரண்டாவது நிச்சயம் சரியாகும். முதலாவது சரியாகுமா என்பது புஷ் வறண்டிருக்கிறதா, தேய்ந்தே போய்விட்டதா என்பதைப் பொறுத்தது.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மீதியெல்லாம் எளிது. முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் இருக்கும் இடத்தில் ஒரு கம்பி வலை போன்ற திறப்பு இருக்கிறதல்லவா, வெளிக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. வந்த காற்றை, குளோவ் பாக்ஸின் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் சுழலும் உருளை வடிவ ஃபேன் இழுத்து, காற்றைக் குளிர்விக்கும் ஏசி காயிலின் வழியாகத் தள்ளுகிறது. அந்த ஃபேனைச் சுழற்றுவது 12 வோல்ட் டிசி மோட்டார். உள்ளே காந்தம், ஆர்மேச்சர் என்ற சுழலும் கம்பிச்சுருள், அதற்கு மின்சாரம் தரும் இரண்டு கார்பன் பிரஷ், ஷாஃப்ட்டின் இரு முனைகளையும் தாங்கும் இரண்டு புஷ். அவ்வளவுதான். புதிய கார்களில் காற்று வரும் பாதையில் வடிகட்டி இருக்கும். உங்கள் காரைப் போன்ற பழைய கார்களில் அது கிடையாது. ஆகவே மரத்தடியில் நிறுத்தினால் வேப்பிலையும் புளிய இலையும் நேராக ஃபேனுக்குள் போகும். புளியின் சிற்றிலை அந்த வலையின் எந்த இடுக்கிலும் நுழைந்துவிடும்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டு, ஏசியை அணைத்துவிட்டு, ப்ளோயரை ஒவ்வொரு வேகத்திலும் வையுங்கள். முழு வேகத்தில் இந்த மோட்டார் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பேட்டரி இறங்கும். அதனால் நீட்டிக்க வேண்டாம். என்ஜின் ஓடாதபோதும் சத்தம் வந்தால் அது ப்ளோயர் பக்கம்தான். என்ஜின் ஓடி, ஏசி போட்டால் மட்டும் வருமானால் அது குளிர்பதன வாயுவை அழுத்தும் கம்ப்ரசராகவோ, அதன் கிளட்ச்சாகவோ, முன்னால் இருக்கும் கண்டன்சர் ஃபேனாகவோ இருக்கலாம். அதற்காக டாஷ்போர்டைக் கழற்றுவது வீண் வேலை. ஏசி ஓடும்போது வரும் "உஸ்" என்ற மெல்லிய ஓசை குளிர்பதன வாயு எக்ஸ்பான்ஷன் வால்வைக் கடப்பதால் வருவது. அது பெரும்பாலும் கோளாறே இல்லை. திரும்பும்போது உள்ளே தண்ணீர் தளும்பும் ஓசை கேட்டால், ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். அடுத்ததாக, வெளிக்காற்று, உள்காற்று மாற்றும் நெம்புகோலை நகர்த்திப் பாருங்கள். நகர்த்தும் நொடியில் மட்டும் சத்தம் மாறினால் தடுப்பு மடலோ அதை இழுக்கும் கேபிளோ தளர்ந்திருக்கிறது. மடலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் நுரைப்பட்டை இத்தனை வருடத்தில் உதிர்ந்திருக்கும். ஏசித் துவாரங்களிலிருந்து கறுப்புத் துகள்கள் பறந்து வந்தால் அதுதான்.

கீச்சொலி ஏன் முதல் வேகத்தில், அதுவும் காலையில் மட்டும் வருகிறது? இந்த மோட்டார்களில் பெரும்பாலும் இருப்பது குண்டு பேரிங் இல்லை. வெண்கலப் பொடியை அழுத்திச் சூடாக்கிச் செய்த புஷ். அதன் நுண்துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். ஷாஃப்ட் சுழலும்போது அந்த எண்ணெய் வெளியே கசிந்து ஒரு மெல்லிய படலமாகி ஷாஃப்ட்டை மிதக்க வைக்கிறது. நின்றதும் மீண்டும் துளைகளுக்குள் உறிஞ்சப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் வெயிலும் தூசியும் பட்டு அந்த எண்ணெய் குறைந்துவிட்டால், மெதுவாகச் சுழலும்போது படலம் உருவாகப் போதாது. உலோகத்தோடு உலோகம் ஒட்டி, விடுபட்டு, மறுபடி ஒட்டி அதிர்வதுதான் நீங்கள் கேட்கும் கீச்சொலி. வேகம் கூடினாலோ, ஓடி ஓடிச் சூடானாலோ கொஞ்சம் எண்ணெய் கசிந்து அடங்கிவிடும். வேகத்தடையில் நிற்பதற்கும் தொடங்குவதற்கும் காரணம், ஷாஃப்ட் மேலும் கீழும் மயிரிழை நகர்ந்து புஷ்ஷில் வேறோர் இடத்தில் உட்காருவது. வளைவில் இடம் திரும்பினால் ஒரு மாதிரியும் வலம் திரும்பினால் வேறு மாதிரியும் கேட்கிறதா என்றும் கவனியுங்கள். அப்படியானால் புஷ் என்ற என் ஊகம் இன்னும் வலுவாகும்.

எடைச்சமன் கெட்ட ஃபேன் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். சமன் இல்லாத ஃபேன் வெளிப்பக்கம் இழுக்கும் விசை, வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. அதனால் முதல் வேகத்தில் ஒன்றும் தெரியாது, கடைசி வேகத்தில் டாஷ்போர்டே நடுங்கும். சில இதழ்களில் மட்டும் சேறு போல் ஒட்டிய தூசி, உடைந்த இதழ், எலி கொண்டுவந்து போட்ட பஞ்சு, எது வேண்டுமானாலும் காரணமாகலாம். அதிர்வில்லாமல் படபடப்பு மட்டும் கேட்டால் இலைதான். அது வேகத்தோடு சேர்ந்து விரையும், திடீரென்று நிற்கும், மறுநாள் திரும்ப வரும்.

கழற்றுவதற்கு நீங்கள் மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிடுங்கள். வேறு கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், இடப்பக்க ஏர்பேக் உள்ள காரில் இதைச் செய்யாமல் டாஷ்போர்டுக்குள் கை நுழைக்கவே கூடாது. முனையைக் கழற்றிய பிறகும் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு குளோவ் பாக்ஸை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தால், கூட்டின் அடியில் மோட்டாரின் வட்டமான முதுகு தெரியும். மோட்டாருக்குப் போகும் ஒயர் கனெக்டரைக் கொக்கியை அழுத்தி எடுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். சில மாடல்களில் ஒரு சிறிய ரப்பர் குழாய் மோட்டாரோடு இணைந்திருக்கும். மோட்டாரைக் குளிர்விக்கக் காற்று போகும் வழி அது. திரும்பப் பொருத்தும்போது அதை மறந்தால் நல்ல மோட்டாரும் சூடேறும். பழைய சிறிய கார்களில் பொதுவாக மூன்று திருகுகள்தான் மோட்டாரைத் தாங்குகின்றன. கடைசித் திருகை எடுக்கும்போது ஒரு கை அடியில் இருக்கட்டும். மோட்டாரும் ஃபேனும் சேர்ந்து கீழே இறங்கும், கூடவே சருகும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உள்ளே எலிப்புழுக்கையோ, கூடு கட்டிய தடயமோ இருந்தால் அப்படியே நிறுத்துங்கள். காற்றுக் குழாயைப் பிடித்து ஊதாதீர்கள், வறண்ட துடைப்பத்தால் பெருக்காதீர்கள். எலியின் சிறுநீர் எலிக்காய்ச்சலைப் பரப்பும். காய்ந்த புழுக்கையின் தூசியை மூச்சில் இழுப்பதும் தீங்குதான். முகக்கவசமும் கையுறையும் போட்டு, பிளீச்சிங் கரைசலை மெல்லத் தெளித்து ஊற வைத்து, ஈரத்துணியால் அள்ளி, பையில் கட்டி எறியுங்கள். மோட்டார் மேலும் ஒயர் மேலும் கரைசல் படக் கூடாது. பட்டறைகளில் பையன்கள் வெறும் முகத்தோடு கம்ப்ரசர் காற்றால் இதை ஊதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. அந்தத் தூசி உங்கள் வீட்டுக் குழந்தைகள் உட்காரும் இருக்கையிலும் படிகிறது.

ஃபேனைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இதழ் இதழாகத் துடையுங்கள். சில இதழ்களின் ஓரத்தில் ஒரு சிறிய உலோகக் கவ்வி மாட்டியிருக்கலாம். குப்பை என்று நினைத்து அதை எடுத்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் எடைச்சமன் பார்த்துப் பொருத்தியது. மோட்டாரிலிருந்து ஃபேனைப் பிரிக்க நேர்ந்தால், ஷாஃப்ட்டிலும் ஃபேனிலும் ஒரே நேராக ஓர் அடையாளக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஷாஃப்ட்டில் ஃபேன் உட்கார்ந்திருக்கும் உயரத்தையும் அளந்து குறித்துவையுங்கள். சுத்தியலால் தட்டிக் கழற்ற வேண்டாம், ஷாஃப்ட் வளைந்தால் அந்த மோட்டாரின் கதை முடிந்தது.

இப்போது பரிசோதனை. ஃபேனைக் கையால் சுண்டிவிட்டால் சிரமமில்லாமல் சில சுற்று ஓடித் தானாக நிற்க வேண்டும். பிறகு ஷாஃப்ட்டின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மேலும் கீழும் சிறிது நகர்வது இயல்பு. பக்கவாட்டில் "டக் டக்" என்று விரலுக்குத் தெரியும்படி ஆடினால் புஷ்ஷின் துளை தேய்ந்து அகன்றுவிட்டது. அதற்கு எந்த எண்ணெயும் மருந்தாகாது. ஆட்டம் இல்லாமல் கரகரப்பும் கீச்சொலியும் மட்டும் இருந்தால் காப்பாற்றலாம். மேல் புஷ், ஃபேனை எடுத்ததும் ஷாஃப்ட்டைச் சுற்றித் தெரியும். அதில் நல்ல என்ஜின் எண்ணெயை ஊசி முனையால் ஒரு சொட்டு விட்டுக் கையால் சுற்றி, கால் மணி நேரம் கழித்து இன்னொரு சொட்டு. அதற்கு மேல் வேண்டாம். வழிந்து, பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் பட்டால் கார்பன் தூளோடு குழைந்து பசையாகி, தீய்ந்த நாற்றம் வரும். அடி புஷ் மோட்டார் டப்பாவின் உள்ளே இருக்கிறது. அதற்கு எண்ணெய் போட வேண்டுமானால் டப்பாவின் மடிப்புகளை நிமிர்த்தித் திறக்க வேண்டும். அது பழகிய கையின் வேலை. நல்ல மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர் புஷ்ஷைச் சூடான எண்ணெயில் ஊற வைத்துத் தருவார், கிடைத்தால் புதிது போட்டும் தருவார்.

எண்ணெய் விஷயத்தில் பலர் கேட்கும் நான்குக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். துரு நீக்கும் ஸ்பிரே அடித்தால் சத்தம் உடனே நிற்கும், அதனால்தான் எல்லோரும் அதை நம்புகிறார்கள். அதில் பெரும்பகுதி கரைப்பான். புஷ்ஷில் மிச்சமிருக்கும் எண்ணெயையும் கரைத்து வெளியேற்றிவிட்டு ஆவியாகிவிடும். சில நாளில் முன்பைவிட மோசமாகக் கீச்சிடும். போதாக்குறைக்கு அது எளிதில் தீப்பற்றும் பொருள், பிரஷ்ஷிலோ பொறி பறக்கிறது. ஓடும் ப்ளோயரில் துவாரம் வழியாக அதை அடிக்கச் சொல்பவர் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உறைவது, நாளானால் பிசினாகவும் மாறும். கிரீஸ், புஷ்ஷின் நுண்துளைகளை அடைத்து எண்ணெய் ஊறும் வழியையே மூடிவிடும். தையல் இயந்திர எண்ணெய் கெடுதல் செய்யாது, ஆனால் மிக மெல்லியது, சீக்கிரம் வற்றும்.

மோட்டார் கையில் இருக்கும்போதே கனெக்டரையும் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் மோட்டார் இறுகிச் சுழன்று, அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்திருக்கிறது. கடைசி வேகம் மட்டும் வேலை செய்து மற்றவை செத்துப்போவது, வேகத்தைக் குறைக்கும் மின்தடையான ரெசிஸ்டர் எரிந்ததன் அடையாளம். அந்த ரெசிஸ்டர் ப்ளோயர் காற்றிலேயே குளிரும்படி வைக்கப்பட்டிருக்கிறது. மேலே சருகு மூடினால் சூடேறி எரியும். மோட்டாரைச் சரிபார்க்காமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் எரியும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸ் போடுவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள், எரிவது அடுத்து ஒயராக இருக்கும். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். புதிய பிரஷ் கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படியும்வரை சில மணி நேரம் மெல்லிய இரைச்சல் இருக்கும், பயப்பட வேண்டாம்.

புஷ் தேய்ந்தே போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும், அப்போது உங்கள் பட்டறைக்காரர் சொன்னது சரிதான். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனாலும் எண்ணற்ற கார்கள் ஓடிக்கொண்டிருப்பதால் உதிரிபாகச் சந்தை வற்றிவிடவில்லை. சென்னையில் இருந்தால் புதிய பாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை. பழைய மோட்டார் வாங்கினால் மேலே சொன்ன பக்கவாட்டு ஆட்டத்தை அங்கேயே பாருங்கள், மூக்கருகே வைத்துத் தீய்ந்த வாசனை இருக்கிறதா என்று முகருங்கள், பேட்டரியில் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். ஓட்டும்போது மோட்டாரைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும், கிளம்பும் வேகத்தில் துள்ளும். பழைய மோட்டாரையும் கொண்டுபோய் ஷாஃப்ட்டின் தடிமன், கனெக்டர், திருகுத் துளைகள் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒயரை வெட்டி ஒட்டிப் பொருத்தினால் பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறிவிடக்கூடும். அப்போது ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். இந்த வகை ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்றை அதே பக்கம்தான் தள்ளும், ஆனால் பலமில்லாமல். "மோட்டார் மாற்றியதிலிருந்து ஏசி குளிரவில்லை" என்று வருகிற கார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஃபேனை ஷாஃப்ட்டில் அளவுக்கு மேல் இறக்கிப் பொருத்தினாலும் கூட்டில் உரசிப் புதிய சத்தம் வரும்.

அவசரமா என்று கேட்டால், கீச்சொலியோடு இன்னும் சில வாரம் ஓட்டுவதில் ஆபத்தில்லை. தீய்ந்த வாசனை வந்தாலோ, கனெக்டர் தொட முடியாமல் சுட்டாலோ அன்றே நிறுத்திவிடுங்கள். மழைக்காலம் வந்துவிட்டால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முன்கண்ணாடியில் படியும் ஆவியை நீக்குவது ப்ளோயர்தான். கொட்டும் மழையில் ஊட்டி மலைப்பாதையில் ஏறும்போது அது இறுகி நின்றால் எதிரே வருவது தெரியாது.

எல்லாம் சரியான பிறகு, முன்கண்ணாடியின் அடியிலுள்ள திறப்பின் உட்பக்கம் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை வெட்டிப் பொருத்துங்கள். எலி நுழையாது, பெரிய சருகும் விழாது. கொசுவலை போல் நெருக்கமானதைப் போட்டால் காற்றும் குறையும், தூசியும் அடைக்கும். சிற்றிலைகள் இதையும் தாண்டும் என்பதால், மரத்தடியில் நிறுத்தும்போது நெம்புகோலை உள்காற்றுக்கு மாற்றிவிட்டு இறங்குங்கள்; வெளிக்காற்று வழி மடலால் மூடிக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தத் திறப்பின் இரு ஓரத்திலும் தண்ணீர் வடியும் துளைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள். அது அடைத்தால் மழைநீர் தேங்கி நேராக மோட்டாரின் மேல் இறங்கும். மோட்டாரைக் கழற்றியதும் ஷாஃப்ட்டில் துரு தெரிந்தால், எண்ணெய் போடுவதற்கு முன் அந்தத் துளைகளைத்தான் பார்க்க வேண்டும்.